வாழத் தகுதியுடையவர் யார்? – சியாட்டில் எழுவர் குழுவின் வரலாறு

மருத்துவத்தில் புதிய கருவியொன்று தோன்றும்போது, அது பிணியாளருக்கு என்ன செய்யும் என்னும் வினாவே முதலில் எழுகிறது. அக்கருவி சிலருக்கு மட்டுமே கிடைக்கக்கூடியதாயின், அதை யாருக்குக் கொடுப்பது என்னும் மற்றொரு வினாவும் உடன் எழுகிறது. முதல் வினாவுக்கு மருத்துவமும் பொறியியலும் விடை கூறும். இரண்டாம் வினாவுக்கு விடையளிக்க அவற்றால் இயலாது. மனிதனுடைய மதிப்பு எங்கிருந்து வருகிறது என்பதைப் பற்றி நாம் கொண்டிருக்கும் நம்பிக்கையே அங்கு நமக்குத் தெரியாமலேயே விடை கூறிவிடுகிறது.

இவ்விரண்டாம் வினா வெளிப்படையாக, ஒரு மேசையின் மீது வைக்கப்பட்ட காலம் ஒன்று உண்டு. 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்திலுள்ள சியாட்டில் நகரில் அது நிகழ்ந்தது. அம்மேசையைச் சுற்றி அமர்ந்த எழுவருள் ஒருவர் திருச்சபைப் போதகர். குருத்துவப் பணியிலிருப்போரும் அதற்கென ஆயத்தமாகும் மாணவரும் இவ்வரலாற்றை அறிந்திருப்பது நன்று. அப்போதகர் அமர்ந்த இருக்கையில் நம்முள் சிலரும் ஒருநாள் அமர நேரிடலாம்.

1. கம்பெனில் ஒரு சுழலும் உருளை

இரண்டாம் உலகப் போரின்போது நெதர்லாந்து ஜெர்மானியரின் ஆக்கிரமிப்பில் இருந்தது. அந்நாட்டின் கம்பென் என்னும் சிறு நகரின் மருத்துவமனையில் வில்லெம் கொல்ஃப் என்னும் இளம் மருத்துவர் பணியாற்றினார். சிறுநீரகங்கள் செயலிழந்தால் இரத்தத்தில் கழிவுகள் தேங்கி மனிதன் மாண்டுபோவான். அக்கழிவுகளை உடலுக்கு வெளியே வடித்தெடுக்க வழியுண்டா என்று அவர் ஆராய்ந்தார். போர்க்காலத்தில் பொருள்கள் அரிதாயிருந்தன. இறைச்சிப் பண்டங்களைப் பொதியப் பயன்படும் செலோஃபேன் குழாயை மரச் சட்டங்களாலான உருளையொன்றின் மீது சுற்றி, அவ்வுருளையை உப்புக் கரைசலில் சுழலவிட்டார். குழாயினுள் இரத்தம் ஓடிற்று. அதிலிருந்த கழிவுகள் மெல்லிய செலோஃபேன் வழியாகக் கரைசலுக்குள் இறங்கின. 1943-இல் இவ்வாறு பிறந்ததே செயற்கைச் சிறுநீரகம்.

தொடக்கத்தில் இதனால் சிகிச்சை பெற்றோர் ஏறக்குறைய அனைவரும் மாண்டனர். 1945 செப்டம்பரில், நாடு விடுதலை பெற்று நான்கு மாதங்கள் கழிந்த வேளையில், நினைவிழந்த நிலையில் 67 வயது மூதாட்டி ஒருவர் கொல்ஃப்பிடம் கொண்டுவரப்பட்டார். அவர் சிறைக் கைதி. நாஜிகளின் பக்கம் சாய்ந்தவர் என்பதே அவர் மீதிருந்த குற்றச்சாட்டு. ஐந்தாண்டுக் காலம் ஆக்கிரமிப்பின் கொடுமையைச் சகித்த ஒரு நகரில் அத்தகையோர் மீது எத்துணை வெறுப்பு இருந்திருக்கும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. கொல்ஃப் அவரை இயந்திரத்துடன் இணைத்தார். பல மணி நேரத்திற்குப் பின் அவர் கண் விழித்தார். அதற்குப் பின்னரும் சில ஆண்டுகள் வாழ்ந்தார். செயற்கைச் சிறுநீரகத்தால் உயிர் பிழைத்தவர் என வரலாறு குறிக்கும் முதல் நபர் இவரே.

ஊராரின் வாக்கெடுப்பு ஒன்று அந்நாளில் நடந்திருக்குமாயின், அம்மூதாட்டியின் பெயர் பட்டியலின் கடைசியிலும் இடம் பெற்றிராது. சிகிச்சைக்கு அவர் தகுதியானவரா என்னும் வினா அவ்வறையில் எழவில்லை. அவருடைய சிறுநீரகங்கள் செயலிழந்திருந்தன, இயந்திரம் அங்கிருந்தது, அவ்வளவே கருதப்பட்டது. போருக்குப் பின் கொல்ஃப் தாம் செய்த இயந்திரங்களை அயல்நாட்டு மருத்துவமனைகளுக்கு விலையின்றியே அனுப்பிவைத்தார் என்பதும் நினைவில் கொள்ளத்தக்கது.

2. சியாட்டிலில் ஒரு சிறு குழாய்

கொல்ஃப்பின் இயந்திரத்திற்கு ஒரு குறை இருந்தது. ஒவ்வொரு முறையும் நோயாளியின் தமனியையும் சிரையையும் புதிதாகத் திறக்க வேண்டியிருந்தது. சில முறைகளுக்குப் பின் திறக்க இரத்தக்குழாய் இராது. ஆதலால், சில நாள்களில் தாமாகவே குணமாகக்கூடிய திடீர்ச் சிறுநீரக நோய்களுக்கு மட்டுமே அது பயன்பட்டது. நிரந்தரமாகச் சிறுநீரகம் இழந்தவர்களுக்கு மருத்துவரிடம் மருந்து ஏதும் இல்லை.

1960-இல் சியாட்டிலில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த மருத்துவர் பெல்டிங் ஸ்கிரிப்னர் இத்தடையை நீக்கினார். தமனியில் ஒரு குழாயும் சிரையில் ஒரு குழாயும் நிலையாகப் பொருத்தி, சிகிச்சை இல்லாத வேளையில் அவ்விரண்டையும் முன்கையின் மேல் வளைந்த சிறு குழாயொன்றால் இணைத்துவிடலாம் என அவர் எண்ணினார். இரத்தம் ஒட்டாத டெஃப்லான் என்னும் பொருள் அதற்கு ஏற்றதாயிற்று. வேன் குவின்டன் என்னும் பொறியாளர் அக்குழாய்களை வடித்துக் கொடுத்தார். 1960 மார்ச்சில் போயிங் விமான நிறுவனத்தின் இயந்திரத் தொழிலாளர் ஒருவருக்கு அது பொருத்தப்பட்டது. சில வாரங்களில் மாண்டிருக்க வேண்டிய அம்மனிதர் மேலும் பதினோர் ஆண்டுகள் வாழ்ந்தார்.

சாவு உறுதி எனக் கருதப்பட்ட ஒரு நோய், வாரந்தோறும் செய்யும் சிகிச்சையால் தாங்கி வாழக்கூடிய நிலையாக மாறிற்று. ஆனால், சிகிச்சை நாள் முழுதும் பீடிப்பதாயிருந்தது. ஒருவருக்கு ஓராண்டுக்கு 10,000 டாலருக்கும் மேற்பட்ட செலவு பிடித்தது. காப்பீட்டு நிறுவனங்கள் இதை ஆராய்ச்சி நிலையிலுள்ள சிகிச்சை எனக் கருதின. 1962 ஜனவரியில் சியாட்டில் செயற்கைச் சிறுநீரக நிலையம் திறக்கப்பட்டபோது அங்கிருந்தவை மூன்று படுக்கைகள். காத்திருந்தோர் தொகை அதனினும் மிகப் பெரிது.

3. எழுவர் குழு

யாரைச் சேர்ப்பது, யாரை விடுவது என்பதை மருத்துவர் மட்டுமே முடிவு செய்தல் தகாது எனச் சியாட்டில் மருத்துவர்கள் எண்ணினர். சமுதாயம் செலவு செய்கிறது. ஆகவே சமுதாயமே முடிவின் சுமையையும் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்பது அவர்கள் கருத்து. இதில் நேர்மை உண்டு என்பதை நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். அவ்வாறே, முதலில் ஒரு மருத்துவக் குழு நோயின் தன்மையைக் கொண்டு விண்ணப்பங்களை வடிகட்டியது. குழந்தைகளும் 45 வயதுக்கு மேற்பட்டோரும் இக்கட்டத்திலேயே விலக்கப்பட்டனர். எஞ்சியோரிலிருந்து தெரிந்தெடுக்கும் பொறுப்பை உள்ளூர் மருத்துவர் சங்கம் நியமித்த எழுவர் ஏற்றனர். ஒரு வழக்கறிஞர், ஒரு போதகர், ஒரு வங்கி அதிகாரி, ஓர் இல்லத்தரசி, ஒரு மாநில அரசு அலுவலர், ஒரு தொழிற்சங்கத் தலைவர், ஓர் அறுவை மருத்துவர் ஆகியோரே அவர்கள். அவர்கள் ஊதியம் பெறவில்லை; அவர்களுடைய பெயர்கள் வெளியிடப்படவில்லை; நோயாளிகளின் பெயர்களும் அவர்களுக்குத் தெரிவிக்கப்படவில்லை.

1962 நவம்பர் 9-ஆம் நாளிட்ட 'லைஃப்' இதழில் ஷானா அலெக்சாண்டர் என்னும் பத்திரிகையாளர் இக்குழுவைப் பற்றிய நீண்ட கட்டுரையொன்றை எழுதினார். குழுவினர் எவ்வெவற்றைக் கணக்கில் கொண்டனர் என்பதை நாடு அதன் மூலமே அறிந்தது. நோயாளியின் வயது, பால், திருமண நிலை, அவரை நம்பியிருப்போரின் எண்ணிக்கை, வருமானம், சொத்து, மன உறுதி, கல்வி, தொழில், கடந்த காலச் சாதனை, எதிர்காலத்தில் எதிர்பார்க்கத்தக்க பயன், அவரைப் பற்றி நற்சான்று கூறுவோர் ஆகியன அப்பட்டியலில் இருந்தன.

அக்கட்டுரை பதிவு செய்துள்ள உரையாடல் ஒன்று ஊன்றிக் கவனிக்கத்தக்கது. மூன்று பிள்ளைகளையுடைய சிறு வணிகர் ஒருவர் விண்ணப்பித்திருந்தார். அவர் ஆலயப் பணியில் ஊக்கமுள்ளவர் என்று அவருடைய மருத்துவர் குறிப்பிட்டிருந்தார். அது அவருடைய நல்லொழுக்கத்திற்குச் சான்று என அறுவை மருத்துவர் கூறினார். சிகிச்சையின் கடுமையைத் தாங்க அக்குணம் துணை செய்யும் என்றார் இல்லத்தரசி. நீடித்த மரணத்தைத் தாங்கவும் அதே குணம் துணை செய்யுமே என்றார் வழக்கறிஞர். ஒரே இறைப்பற்று அவர் வாழ வேண்டும் என்பதற்கும், அவரைச் சாகவிடலாம் என்பதற்கும் ஒருங்கே காரணமாகக் காட்டப்பட்டது!

பிள்ளைகளின் நலனை எண்ணி வேறொரு கருத்தும் எழுந்தது. கணவன் இறந்தால், மூன்று பிள்ளைகளையுடைய பெண்ணுக்கு மறுமணம் நடக்கலாம். ஆறு பிள்ளைகளையுடைய பெண்ணுக்கு அது அரிது. ஆகவே இதையும் கருத வேண்டும் என்றார் தொழிற்சங்கத் தலைவர். குடும்பத்திற்குச் சேமித்து வைத்தவர் இறந்தாலும் அவர்தம் பிள்ளைகள் பிறர் கையை எதிர்பார்க்க நேராது என்ற எண்ணம் பேசப்பட்டபோது, முன்யோசனையோடு வாழ்ந்தவர்களைத் தண்டிப்பதாகாதா என்று அரசு அலுவலர் கேட்டார்.

இவ்வெழுவரும் கொடியவர் அல்லர். மனச்சான்றின் வேதனையோடு தங்கள் ஓய்வு நேரத்தில் இக்கடமையைச் செய்தவர்கள். ஆயினும், அவர்களிடம் கொடுக்கப்பட்ட வினாவே கோணலானது. இவ்வைவருள் வாழத் தகுதி மிகுந்தவர் யார் எனக் கேட்கப்படும்போது, நல்லோராயினும் தங்கள் கையிலுள்ள அளவுகோலைக் கொண்டுதான் அளப்பர். அவ்வளவுகோல் அவர்களுடைய சொந்த வாழ்க்கையின் நீளமே. திருமணமானவர், வேலையில் நிலைத்தவர், படித்தவர், ஆலயத்திற்குச் செல்பவர், அயலாரால் மதிக்கப்படுபவர் ஆகியோர் அம்மேசையைச் சுற்றி இருந்தவர்களுக்குத் தங்களைப் போன்றே தோன்றினர்.

4. கண்டனமும் விவாதமும்

1965-இல் அமெரிக்கத் தொலைக்காட்சி நிறுவனமான என்.பி.சி. இக்குழுவைப் பற்றிய ஆவணப் படமொன்றை ஒளிபரப்பிற்று. 1968-இல் மனநல மருத்துவர் ஒருவரும் சட்டப் பேராசிரியர் ஒருவரும் இணைந்து எழுதிய கட்டுரை இம்முறையைக் கடுமையாகச் சாடியது. நடுத்தர வகுப்பினர் தங்களுடைய முகச்சாயலையே தெரிந்தெடுத்தனர் என்பதும், தோரோவைப் போன்று ஊரோடு ஒத்துவாழாத ஒரு மேதை அங்கு விண்ணப்பித்திருந்தால் பிழைத்திருக்க மாட்டார் என்பதும் அவர்களுடைய வாதத்தின் சாரம்.

மெய்யியலாரும் இறையியலாரும் இவ்விவாதத்தில் ஈடுபட்டனர். நிக்கொலஸ் ரெஷர் என்னும் மெய்யியலார், சமுதாயம் தன் செல்வத்தை ஒருவர் மீது முதலீடு செய்யும்போது அவரால் விளையும் பயனைக் கருதுவதில் தவறில்லை என 1969-இல் வாதிட்டார். இதற்கு மாறாக, மெதடிஸ்டு மரபினரான பால் ராம்சியும், அவரைப் போன்றே கிறிஸ்தவ அறவியலில் பயின்ற ஜேம்ஸ் சில்ட்ரெசும் 1970-இல் வெளிவந்த தங்கள் எழுத்துகளில், மருத்துவத் தகுதியை மட்டும் பார்த்தபின் சீட்டுப் போட்டோ வந்த வரிசைப்படியோ தெரிந்தெடுப்பதே மனிதனின் மாண்புக்கு உகந்தது என்றனர். ஜெர்மானிய லுத்தரன் இறையியலார் ஹெல்முட் தீலிக்கேயும் இக்காலத்தில் அமெரிக்காவில் இப்பொருள் பற்றி உரையாற்றினார். மனிதனின் மாண்பு அவன் செய்து முடித்தவற்றிலிருந்து எழுவதன்று, கடவுள் அவனுக்கு அருளியதால் அவனுடையதாயிற்று என்னும் கருத்து அவருடைய அறவியலின் அடித்தளம் என்பதை மாணவர் அறிவர்.

சீட்டுப் போடுதல் பகுத்தறிவுக்கு ஒவ்வாதது, பொறுப்பைத் தட்டிக் கழிப்பது என்னும் மறுப்பு எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. ஆறு பிள்ளைகளுக்குத் தாயான ஒருத்தியும் யாருமற்ற ஒருவனும் காத்திருக்கையில், சீட்டு அவனுக்கு விழுந்தால் நம் உள்ளம் வருந்தாதா? வருந்தும். ஆனால் இங்கு ஒன்றைச் சிந்திக்க வேண்டும். யாருமற்றவன் எனும் காரணத்தால் அவன் விடப்படுவானாயின், முன்னரே உறவுகளை இழந்தவன் அதன் காரணமாகவே உயிரையும் இழக்கிறான். உலகம் அவனுக்கு இழைத்த குறையே அவனுக்கு எதிரான சாட்சியாகிறது. சீட்டு அவனுடைய மதிப்பைப் பற்றி யாதொரு தீர்ப்பும் கூறுவதில்லை. தெரிந்துகொள்ளப்படாதவன், தான் குறைந்தவன் என்று அறிவிக்கப்பட்டவனாய்ச் சாகமாட்டான். அப்போஸ்தலர் காலத்துச் சபை, யூதாசின் இடத்திற்குத் தகுதியுள்ள இருவரை நிறுத்திய பின், அவ்விருவருள் ஒருவரை உயர்த்தி மற்றவரைத் தாழ்த்தத் துணியாமல் சீட்டுப் போட்டதையும் இங்கு நினைவுகூரலாம்.

5. மறுக்கப்பட்ட சிறுமி

இவ்விவாதம் நடந்துகொண்டிருக்கையில் சியாட்டிலிலேயே வேறொரு விடை உருவாயிற்று. பதினைந்து வயதுடைய பள்ளிச் சிறுமி ஒருத்திக்குச் சிறுநீரகங்கள் செயலிழந்தன. அவளுடைய வயதின் காரணமாக நிலையத்தில் இடம் மறுக்கப்பட்டது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் அணுப் பொறியியல் கற்பித்த ஆல்பர்ட் பாப் அவளுடைய குடும்பத்தை அறிந்தவர். அவரும் அவருடன் உழைத்தவர்களும் வீட்டிலேயே வைத்து இயக்கத்தக்க சிறிய இயந்திரமொன்றைச் சில மாதங்களுக்குள் செய்து முடித்தனர். 1964-இல் அச்சிறுமி தன் வீட்டில் சிகிச்சை பெறத் தொடங்கி, பள்ளிப் படிப்பையும் முடித்தாள். வீட்டில் செய்யும் சிகிச்சை செலவில் குறைந்தது. மருத்துவமனைப் படுக்கைக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. அவளுக்கென்று செய்யப்பட்ட இயந்திரம் பின்னர் பலருக்கு வழி திறந்தது.

குழுவின் விதியை மாற்றும்படி வாதாடுவதற்கு மாறாக, பாப் இன்னொரு படுக்கைக்கு ஒப்பானதை உண்டாக்கினார். அதே காலத்தில் நோயாளிகளும் தங்களுக்காகப் பேசத் தொடங்கினர். 1971 நவம்பரில் நோயாளி ஒருவர் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன்னிலையில், இயந்திரத்துடன் இணைக்கப்பட்டவராகவே அமர்ந்து சாட்சியளித்தார். 1972 அக்டோபரில் நிறைவேறிய சட்டத் திருத்தத்தின்படி, 1973 ஜூலை முதல் நிரந்தரச் சிறுநீரகச் செயலிழப்புக்கான சிகிச்சைச் செலவை ஏறக்குறைய எல்லாக் குடிமக்களுக்கும் அரசே ஏற்றது. அப்போது இச்சிகிச்சை பெற்றோர் ஏறக்குறைய 10,000 பேர். இன்று அந்நாட்டில் ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அச்சிகிச்சையால் வாழ்கின்றனர். எழுவர் அமர்ந்த மேசைக்கு வேலை இல்லாது போயிற்று.

லூக்கா நற்செய்தியில், சகோதரர் இருவரின் சொத்தைப் பங்கிடுமாறு கேட்ட ஒருவனிடம், தம்மைப் பங்கிடுகிறவராக ஏற்படுத்தியது யார் என்று ஆண்டவர் வினவுகிறார். அதன்பின், களஞ்சியங்களைப் பெரிதாகக் கட்ட எண்ணிய செல்வனின் உவமையைக் கூறுகிறார். பங்கீட்டைப் பற்றிய வினாவைச் சேமிப்பைப் பற்றிய வினாவாக அவர் திருப்பிவிடுகிறார். சியாட்டில் வரலாறும் நமக்கு இதையே காட்டுகிறது. பற்றாக்குறை எனப்பட்டது பெரும்பாலும் பணத்தை எங்கே செலவிடுவது என்ற மனிதத் தீர்மானத்தின் விளைவாகவே இருந்தது.

6. வேறு உருவில் திரும்பிய வினா

ஆயினும் எல்லாப் பற்றாக்குறையும் பணத்தால் தீர்வதில்லை. 1954 டிசம்பரில் போஸ்டன் நகரில் ஜோசப் மர்ரியும் அவருடைய குழுவினரும் ஒருவரின் சிறுநீரகத்தை அவருடைய இரட்டைச் சகோதரருக்கு வெற்றியுடன் பொருத்தினர். உறுப்பு மாற்றுச் சிகிச்சை வளர வளர, காத்திருப்போரின் வரிசையும் வளர்ந்தது. இயந்திரத்தைத் தொழிற்சாலையில் செய்யலாம். மனிதச் சிறுநீரகத்தை மனிதன்தான் கொடுக்க வேண்டும். 1984-இல் அமெரிக்கா உறுப்பு விற்பனையைத் தடைசெய்து, பங்கீட்டுக்கென ஒரு தேசிய வலையமைப்புக்கு வழிசெய்தது. தெரிந்தெடுக்கும் பணி கணிப்பொறியில் ஏற்றப்பட்ட புள்ளிகளுக்கும் விதிகளுக்கும் மாறிற்று. மனிதரின் விருப்புவெறுப்பு இதனால் நீங்கிவிட்டது எனப் பலர் நம்பினர்.

அந்நம்பிக்கை முழுமையாக நிறைவேறவில்லை. சிறுநீரகம் எவ்வளவு செயலாற்றுகிறது என்பதை இரத்தத்திலுள்ள கிரியேட்டினின் என்னும் பொருளின் அளவைக் கொண்டு ஒரு சூத்திரத்தால் மருத்துவர் கணிக்கின்றனர். 1999 முதல் வழக்கிலிருந்த சூத்திரங்களில், நோயாளி கறுப்பினத்தவராயின் விடையை ஏறத்தாழ 16 முதல் 21 விழுக்காடு வரை உயர்த்திக் காட்டும் பெருக்கெண் ஒன்று சேர்க்கப்பட்டிருந்தது. அதன் விளைவாக, ஒரே அளவு நோயுற்ற இருவருள் கறுப்பினத்தவரின் சிறுநீரகம் நன்றாயிருப்பதாகக் காகிதத்தில் தோன்றியது. காத்திருப்புக் காலத்தைக் கணக்கிட அச்செயல்திறன் குறிப்பிட்ட அளவுக்குக் குறைய வேண்டும் என்பது விதி. ஆகவே அவர்கள் வரிசையில் பிந்தினர். 2021-இல் இனம் சேராத புதிய சூத்திரம் வெளிவந்தது. 2022-இல் உறுப்புப் பங்கீட்டு வலையமைப்பு பழைய கணக்கைத் தடைசெய்தது. 2023 முதல், இழந்த காலத்தைத் திரும்ப வழங்குமாறு மருத்துவமனைகளுக்குக் கட்டளையிட்டதால், ஆயிரக்கணக்கான கறுப்பின நோயாளிகளின் காத்திருப்புக் காலம் திருத்தப்பட்டது.

செயற்கை நுண்ணறிவு எனப்படும் கணிப்பு முறைகளிலும் இத்தகைய நிகழ்ச்சி உண்டு. கூடுதல் மருத்துவக் கவனிப்பு யாருக்குத் தேவை என்பதை முன்கூட்டியே கணிக்க அமெரிக்க மருத்துவமனைகள் பரவலாகப் பயன்படுத்திய ஒரு நிரலை ஆராய்ந்து, 2019-இல் 'சயன்ஸ்' இதழில் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியாயிற்று. அந்நிரல் இனத்தைப் பற்றிய விவரத்தைக் கேட்கவே இல்லை. ஆனால், நோயின் கடுமையை நேரடியாக அளக்க இயலாமல், ஒருவருக்காகச் செலவிடப்பட்ட பணத்தை அளந்தது. வறுமையாலும் புறக்கணிப்பாலும் மருத்துவரை அடைய இயலாத கறுப்பின மக்களுக்காகச் செலவான பணம் குறைவு. ஆதலால் அவர்களுடைய நோயும் குறைவு எனக் கணிக்கப்பட்டது. இக்கோணல் நீக்கப்படின், கூடுதல் கவனிப்புப் பெறுவோரில் கறுப்பினத்தவரின் பங்கு 17.7 விழுக்காட்டிலிருந்து 46.5 விழுக்காடாக உயரும் என ஆய்வாளர் காட்டினர்.

சியாட்டில் குழு சொத்தையும் கல்வியையும் கணக்கிட்டபோது, அது பட்டியலாக எழுதப்பட்டிருந்தது. ஒரு பத்திரிகையாளர் அதைப் படித்து உலகுக்குச் சொல்ல முடிந்தது. சூத்திரத்தினுள் அதே அளவுகோல் புகுந்தபோது, அதை அறிய இருபதாண்டுகளுக்கு மேலாயிற்று. எழுவரையாவது முகத்துக்கு முகம் கேட்கலாம். எண்ணைக் கேட்பவர் அரியர்.

7. நம்மிடையே

இவ்வரலாற்றுக்கு நம் நாட்டிலும் தொடர்ச்சி உண்டு. இந்தியாவில் வெற்றி கண்ட முதல் சிறுநீரக மாற்றுச் சிகிச்சை 1971-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் நடைபெற்றது. திருச்சபையின் அருட்பணியில் பிறந்த ஒரு நிறுவனமே இங்கு இவ்வழியைத் திறந்தது. ஆனால் பின்னர் எழுந்த நிலைமை வேதனைக்குரியது. தேர்ந்தெடுக்கக் குழு ஒன்றும் இல்லாதபோது, விலையே தேர்ந்தெடுத்தது. சென்னையில் சிறுநீரகத்தை விற்ற 305 பேரிடம் 2001-இல் நடத்தப்பட்டு, அடுத்த ஆண்டில் அமெரிக்க மருத்துவர் சங்கத்தின் இதழில் வெளியான ஆய்வு இதைக் கூறும். அவர்களுள் 96 விழுக்காட்டினர் கடன் தீர்க்கவே விற்றனர். பெற்ற தொகை சராசரியாக 1,070 டாலர். ஆயினும் 74 விழுக்காட்டினர் விசாரிக்கப்பட்ட நாளிலும் கடனிலேயே இருந்தனர். குடும்ப வருமானம் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. 86 விழுக்காட்டினர் தங்கள் உடல்நலம் குன்றியதாகக் கூறினர்.

1994-இல் இயற்றப்பட்ட மனித உறுப்பு மாற்றுச் சட்டம் இவ்வணிகத்தைக் குற்றமாக்கியது. உறவினரல்லாதார் உறுப்புக் கொடுக்க முன்வந்தால், அது அன்பினாலா பணத்தினாலா என்று ஆராய அங்கீகாரக் குழுக்களை ஏற்படுத்தியது. 2008 முதல் தமிழ்நாட்டில், மூளைச்சாவு அடைந்தோரின் உறுப்புகளை அரசு ஒழுங்குமுறையின் கீழ்ப் பங்கிடும் திட்டம் நடைபெற்று வருகிறது. ஆயினும், உயிருடனிருந்து உறுப்புக் கொடுப்போரில் பெரும்பாலோர் பெண்களாகவும், பெறுவோரில் பெரும்பாலோர் ஆண்களாகவும் இந்நாட்டில் இருப்பது, இல்லங்களுக்குள்ளும் எழுதப்படாத ஒரு பட்டியல் உண்டு என்பதைக் காட்டுகிறது. மனைவி கொடுக்கட்டும் என்று சுற்றத்தார் தீர்மானிக்கும் வீட்டில் மேசையும் இல்லை, குழுவும் இல்லை. அங்கே சபையின் ஆயர் மட்டும் ஜெபிக்க அழைக்கப்பட்டிருப்பார்.

8. திருச்சபையின் கடமை

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் வழிகாட்டு நெறிகள், அறநெறிக் குழுக்களில் மெய்யியலார் அல்லது அறவியலாருடன் இறையியலாரும் இடம்பெறலாம் எனக் கூறுகின்றன. ஆகவே, குருவானவர் ஒருவர் அத்தகைய மேசைக்கு அழைக்கப்படுவது நடக்கக்கூடியதே. அங்கு அவர் எதைக் கொண்டுபோவார்?

முதலாவது, வினாவையே விசாரிக்கும் துணிவை அவர் கொண்டுபோக வேண்டும். ஐவருள் யார் என்று கேட்கப்படும்போது, ஏன் ஒருவருக்கு மட்டும் இடம் இருக்கிறது என்று அவர் கேட்பாராக. சியாட்டில் சிறுமிக்கு வாழ்வளித்தது குழுவின் நியாயமன்று; மறுப்பை முடிவாக ஏற்காத சிலரின் உழைப்பே. மரணத்திற்குப் பின் உறுப்புக் கொடுத்தலைப் பற்றிச் சபைகளில் தெளிவாகப் போதிப்பதும், எளியோருக்கான சிகிச்சைக்கு அரசை வற்புறுத்துவதும் இவ்வகையில் அடங்கும்.

இரண்டாவது, பற்றாக்குறை நீங்காத இடத்தில், மனிதரின் பயனை எடைபோடுவதை அவர் மறுக்க வேண்டும். நோயின் கடுமை, சிகிச்சை பலிக்கும் வாய்ப்பு, காத்திருந்த காலம் என்பவற்றை நாம் அளக்கலாம். பொன் மோதிரம் அணிந்தவனுக்கும் கந்தையுடுத்த ஏழைக்கும் வேறு வேறு இருக்கை கொடுப்பதை யாக்கோபின் நிருபம் கண்டிக்கிறது. ஆலயத்திற்குத் தவறாது வருபவர் என்பதற்காக நம் சபையாரை முன்னே நிறுத்தும் சோதனையும் இதில் அடங்கும். அச்சோதனை போதகருக்கே மிகுதி.

மூன்றாவது, எண்ணினுள் எது எண்ணப்படுகிறது என்று அவர் கேட்க வேண்டும். நுட்பங்களை முற்றிலும் அறிந்திருக்கத் தேவையில்லை. இந்நிரல் எதை அளக்கிறது, எதற்குப் பதிலாக அளக்கிறது, அதனால் வரிசையில் பிந்துவோர் யார் என்னும் மூன்று வினாக்களை எவரும் கேட்கலாம். விடை சொல்ல முடியாத கருவியின் கையில் ஒருவரின் உயிரை ஒப்படைக்க எவருக்கும் அதிகாரம் இல்லை.

தேவசாயலாக மனிதன் படைக்கப்பட்டான் என்னும் போதனையை நாம் திருமுழுக்கு ஆயத்த வகுப்பிலேயே கற்பிக்கிறோம். அப்போதனையின் பொருள் இயந்திரத்திற்கும் படுக்கைக்கும் முன்னால்தான் சோதிக்கப்படுகிறது. நல்லெண்ணமுள்ள எழுவரால் சியாட்டிலில் அச்சோதனையைத் தாங்க இயலவில்லை. கம்பென் நகரின் மருத்துவரோ, தம் நாடே வெறுத்த கைதியின் இரத்தத்தை இரவும் பகலும் பாராமல் சுத்திகரித்தார். அவள் யார் என்பதை அவர் அறிந்திருந்தார், அறிந்தே செய்தார். நம் மருத்துவமனைகளிலும் குழுக்களிலும் கணிப்பொறிகளிலும் இடம்பெற வேண்டிய அளவுகோல் அதுவே எனத் திருச்சபை சொல்லவும், அதற்காக உழைக்கவும் கடமைப்பட்டுள்ளது.